ஆறு மஞ்சள் தாள்கள்

பெப்ரவரி 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். லீவு நாள். உடுப்புத் தோய்த்தாயிற்று, காயத்தான் இடமில்லை.

அண்ணை இரண்டு தரம் போன். ஊர்ச் சங்கத் தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள். அவருக்குப் பழைய கணக்கு வேண்டுமாம்: போன மூன்று தேர்தலிலும் எந்த வட்டாரம் யாருக்குப் போட்டது. செயலாளர் நான் என்பதால் கொப்பி என்னிடம்.

இந்த முறை புதுப் பெயர், பிரைமேர். அமெரிக்காக் கிளைக்காரர் கிளப்பிவிட்டது. அங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தன் ஆளைத் தெரிவு செய்வது போல, நாங்களும் நாடு நாடாகத் தெரிவு செய்து, பிறகு உலக ஒன்றியத்துக்குத் தலைவர். ஊரில் மொத்தம் நாலு வட்டாரம். எங்களுக்கு மாநிலங்கள் கேட்கிறது!

பிரான்சில் வெல்பவர்தான் இந்த வருடம் ஊருக்கு என்ன செய்வது என்றும் முடிவெடுப்பார். சண்டை அதில்தான். அண்ணை வென்றால் கடற்கரை வீதி முகப்பில் வரவேற்பு வளைவு. ஜெயந்தி அக்கா வென்றால் இரத்தம் சுத்திகரிக்கப் போகிற நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க ஒரு வான்.

என்னோடு படித்த ராணி அதற்காகத்தான் ஊரில் கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போய் வருகிறாள். திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நிற்கக்கூட ஏலாதாம்.

வாங்க: சலவைத்தூள், கறித்தூள், மகள் அபியின் ட்ரெயின் கார்டுக்கு (நவிகோ) உறை.

பெப்ரவரி 3, செவ்வாய்

ட்ராவல்ஸ் வேலையில் கொழும்பு டிக்கெட் பதினொன்று. ஒருவருக்குப் பாஸ்போட்டில் ஒரு பெயர், கார்த் த செஜூரில் (வதிவிட அட்டை) இன்னொரு பெயர். தலையிடி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணைக்கு அட்டவணை போட்டேன். வாக்குத் தாள் வட்டாரத்துக்கு ஒரு நிறம்.

மஞ்சள்: பனையடி, எங்கள் பக்கம். எப்போதும் அண்ணைக்கு.
ரோசா: கோயிலடி. பாதிப் பாதி.
பச்சை: சந்தையடி. கடைசியாக யார் போன் எடுத்தாரோ அவருக்கு.
நீலம்: கடற்கரை. எப்போதும் அண்ணைக்கு எதிர்.

இந்த நிறக் கூத்து என் வேலை. ஆறு வருடத்துக்கு முன், நிர்வாகத்தில் தங்கள் பக்கத்தை அமுக்கிவிட்டார்கள் என்று சந்தையடிக்காரர் கத்தியபோது, நிறம் நிறமாக எண்ணினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நான்தான் எழும்பிச் சொன்னேன். ரூ பெர்தொனேயில் தாள் வாங்கினதும் நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் ஒரே புளுகம், சந்தோசம்.

இன்றைக்கு மஞ்சளுக்கு நேரே பெயர்களை எழுதிப் பார்த்தேன். பிரான்சில் பனையடி ஆட்கள் இரண்டே வீடு. மச்சாள் (அண்ணையின் மனைவி), அவர்களின் இரண்டு பொடியன்கள் (மருமகள் வேறு ஊர்), நான், இவர், அபி. போட்டியிடுகிறவர் வாக்குப் போடுவதில்லை, அது எங்கள் சங்கத்து மரியாதை. ஆக ஆறு தாள்.

நான் வானுக்குப் போட்டு ஆறில் ஒன்று குறைந்தாலும் யார் என்று சபை முழுக்கத் தேடும். அண்ணைக்குத் தேடவே தேவையில்லை, எங்கள் வீட்டைத்தான் பார்ப்பார்.

பெப்ரவரி 4, புதன்

குளிர். நித்திரை சரியில்லை.

வழிகள்:
1. போகாமல் விடுவது. செயலாளர் போகாமல் முடியாது.
2. வெறும் தாள். அதையும் மஞ்சள் வெறும் தாள் என்றுதான் வாசிக்க வேண்டும், வாசிப்பதும் நான்.
3. அண்ணைக்கே போடுவது.

மூன்றாவதுதான் நியாயம் என்று காலையில் தோன்றியது. என்னைப் பிரான்சுக்குக் கூப்பிட்டவர் அவர். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கிய அன்று ஒரு ஜக்கெட்டோடு வந்து நின்றார், பச்சை நிறம், எனக்கு இரண்டு அளவு பெரிது. மூன்று வருடம் போட்டேன். பின்னேரம் ராணியின் வொய்ஸ் மெசேஜ். தேர்தல் கதையே இல்லை. பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு என் சுகம் கேட்கிறாள். எரிச்சல் வந்தது, அவளில் இல்லை.

அபியிடம் யாருக்குப் போடப் போகிறாய் என்று கேட்டேன். முதல் வாக்கு அவளுக்கு. "மமோ, செ செக்ரே!" என்று கதவைச் சாத்திவிட்டாள். ரகசியமாம். பாவம்.

இவரிடம் கேட்கவே தேவையில்லை. அண்ணையின் மூத்த பொடியனின் கல்யாணத்தில் தன்னைப் பின்வரிசையில் இருத்திவிட்டார்கள் என்று நாலு வருடமாக அண்ணையோடு கதையில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

ரூ லூயி-பிளாங்கில் நிர்வாகக் கூட்டம், சாப்பாட்டுக் கடையின் கீழ் அறை. கொத்துரொட்டிச் சத்தத்துக்குள் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

துணிந்து கேட்டுவிட்டேன், இந்த முறை எல்லாத் தாளையும் கலந்து எண்ணினால் என்ன என்று.

"ஓம், அதுதான் சரி," ஜெயந்தி அக்கா. "ரகசிய வாக்கெண்டால் ரகசியமாக் கிடக்கட்டும்."

அண்ணை சிரித்தார். "ஒளிக்கிறதுக்கு இஞ்சை என்ன கிடக்கு? நிறம் கொண்டுவந்ததே என்ரை தங்கச்சி. மஞ்சளைத்தான் முதல் எண்ண வேணும். எங்கடை பக்கம் ஆறுக்கு ஆறு எண்டு ஊருக்குத் தெரியட்டும்."

தோளில் தட்டினார். தலையாட்டினேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மச்சாள் வெளியே காருக்குள் காத்திருந்தா. கண்ணாடியை இறக்கி, "வீட்டிலை விடிஞ்சாப் பொழுதுபட்டா வளைவுக் கதைதானடி. படம் கீறி பிரிஜ்ஜிலை ஒட்டியிருக்கிறார்," என்றா. சிரிக்கவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. பியர்ஃபித்தில் இருந்து நாங்கள் மூவரும் ஒரே ட்ரெயினில். கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கும்போது இவர், "இஞ்சேரும், குடையை விட்டிட்டீர்," என்றார். அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு நான் போட்டேன். ஜெயந்தி அக்காவுக்கு.

மூன்று மணிக்கு எண்ணிக்கை. அண்ணை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டபடி. "மஞ்சள் முதல்!" என்று அவரே சொன்னார். பிரித்தேன். ஜெயந்தி. ஜெயந்தி. மூன்றாவதைப் பிரிக்கும்போதே எங்கோ பிழை நடந்துவிட்டது என்று விளங்கியது. தாளைத் திருப்பிப் பார்த்தேன், நிறம் மாறிவிட்டதோ என்று. மஞ்சள்தான்.

எழும்பி நின்று வாசித்தேன். "பனையடி. ஜெயந்தி, ஐந்து. அண்ணை, ஒன்று." வேட்பாளர் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி அண்ணை என்று வந்துவிட்டது.

பின்னுக்கிருந்து ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திவிட்டார். மச்சாள் கைப்பைக்குள் எதையோ தேடினா. பொடியன்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி. எதிர்ப்பது எங்கள் வீடு மட்டும் என்றுதானே இத்தனை நாளும் பயந்து செத்தேன்! அவர் வீட்டிலேயே குறைந்தது இரண்டு பேர் எதிர்.

பிறகு ரோசா, பாதிப் பாதி. பச்சை, அண்ணை பக்கம் கொஞ்சம் கூட. நீலம் கொட்டியது. வளைவு கடற்கரை வீதியில் அல்லவா வரப்போகிறது! எந்த நாளும் எதிர்த்துப் போட்ட கடற்கரை அப்படியே அவருக்கு. என் அட்டவணையைக் குப்பையில் போடலாம். ஒன்பது வாக்கால் அண்ணை வென்றார்.

மாலை போட்டார்கள். மாலையோடு நின்றவர் யாரையும் பார்க்கவில்லை. நன்றி சொல்லச் சொன்னார்கள், "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொன்னார். மைக்கை வைத்திருந்தால் மூன்று மணித்தியாலம் பேசுகிற மனிசன்.

பெப்ரவரி 9, திங்கள்

இவர் வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்தைக் கட்டியபடி சொன்னார்: "அந்த ஒண்டு நான் போட்டது."

நம்ப முடியவில்லை. "நீங்களோ? அண்ணைக்கோ?"

"நீங்கள் எல்லாரும் என்ன செய்வியள் எண்டு எனக்குத் தெரியும். சனத்துக்கு முன்னாலை அந்தாள் பூச்சியத்தோடை எழும்பி நிக்கக் கூடாது." போய்விட்டார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. திரும்ப வைத்தேன்.

மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. அண்ணை. தனிய. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாளும் வராதவர். நாலு வருடமாக இந்த வாசலுக்கே வராதவர். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"என்ரை வீட்டிலை ஒருத்தரும் போடேல்லை," என்றார். "மூண்டு பேரும் முகத்துக்கு நேரை சொல்லிப் போட்டினம். அந்த ஒண்டு நீ எண்டு எனக்கு அப்பவே தெரியும். நீ வாசிக்கேக்கை அண்ணை எண்டெல்லோ வாசிச்சனி."

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் நின்றது எனக்கு ஓம் சொன்னதுதான். வெட்கம்.

"நான் வெண்டிட்டன். இனி ஒருத்தற்றை கதையும் கேக்கத் தேவையில்லை. உன்னை மட்டும் கேக்கிறன். வளைவோ, வானோ? நீ சொல்லுறதைத்தான் செய்வன்."

ராணி, பஸ், கம்பி. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"வான், அண்ணை."

தலையாட்டினார். ஒரு வாய் குடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப எனக்கு ஏன் போட்டனி?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பாசம் என்றால் நம்பியிருப்பார், நம்பத்தானே வந்தவர்.

"நான் போடேல்லை, அண்ணை," என்றேன். "நானும் ஜெயந்தி அக்காவுக்குத்தான்."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "அப்ப ஆர்?" என்று கேட்டார். சொன்னேன்.

கோப்பையை மேசையில் வைத்தார். நான் குசினிக்கு வந்துவிட்டேன், கண் துடைக்க. கதவு திறந்து போகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"பிள்ளை, உன்ரை மனிசன் எத்தினை மணிக்கு வருவார்?"

ஐந்தரை என்றேன்.

இப்போது நாலே முக்கால். இன்னும் இருக்கிறார்.