மஞ்சள் நூல் துணுக்கு

செப்டம்பர் 2, செவ்வாய்

தங்கை இன்றும் ஈரப் பாவாடையோடுதான் வேனிலிருந்து இறங்கினாள். ஒன்பது வயது. வீட்டில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. பள்ளி நோட்டில் டீச்சர் எழுதியிருக்கிறார்: “மகிழ்ச்சியாக இருந்தாள். பட அட்டைகளை நன்றாகப் பயன்படுத்தினாள்.” நேற்றும் இதே வரி.

அப்படியானால் கழிப்பறை அட்டையை ஏன் காட்டவில்லை?

அவளுக்குப் பேச்சு வராது. நான் வரைந்த முப்பத்திரண்டு அட்டைகள்தான் அவள் வாய். ஓயாமல் நீட்டி உயிரை வாங்குவாள், அதனால்தான் வாயாடி என்று பெயர் வைத்தேன். இந்தச் சிறப்புப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம். இப்போது வீட்டில்கூட அட்டையைத் தொடுவதில்லை.

செப்டம்பர் 3, புதன்

அட்டைகள் வேனில் சிதறாமலிருக்க அட்டைப் பையின் வாயை நான் கட்டித்தான் அனுப்புவேன். சிவப்பு நூலை இழுத்தால் அவிழும், வேறெங்கே இழுத்தாலும் இறுகும். முதல் நாளே நோட்டில் எழுதினேன். மாலையில் பை கட்டியே வரும். டீச்சர் திருப்பிக் கட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். முட்டாள்.

இன்று காலை முடிச்சுக்குள் மஞ்சள் நூல் துணுக்கு ஒன்றைச் செருகி அனுப்பினேன். முடிச்சை அவிழ்த்தால் விழுந்துவிடும். மாலையில் அது அங்கேயே இருந்தது. நோட்டில்: “நன்றாகப் பயன்படுத்தினாள்.”

செப்டம்பர் 4, வியாழன்

மஞ்சள்.

செப்டம்பர் 5, வெள்ளி

மஞ்சள். ஈரப் பாவாடை. “மகிழ்ச்சியாக இருந்தாள்.” பொய், பொய்.

செப்டம்பர் 8, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன்.

“எதையாவது கிளப்பாத. ரெண்டு வருஷம் நடையா நடந்து வாங்கின இடம். அவங்க படிச்சவங்க.”

“படிச்சவங்க பொய் எழுத மாட்டாங்களா?”

“அப்ப நீயே போய்க் கேளு. டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னதுக்கே ஸ்கூல விட்டு நின்னவதானே நீ!”

உண்மைதான். அதனால்தான் இவ்வளவு எரிகிறது. நான் வேலை செய்யும் தையல் கடை அக்காவும் சொல்வாள், “உன் வாய்க்கு ஊசிக்காதே பெரிசுடி.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை, டீச்சர், அம்மா, நான். “தினமும் கார்டு காட்டறாம்மா, நல்ல முன்னேற்றம்,” என்றார் டீச்சர். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நான் முடிச்சோடு பையை மேசைமேல் வைத்தேன்.

“இதத் திறங்க டீச்சர்.” அவ்வளவுதான் வந்தது.

நகத்தால் நோண்டினார். முடிச்சு இறுகியது. பல்லால் கடிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். மேசை டிராயரைத் துழாவினார். “கத்திரிக்கோல் இங்கதானே இருந்துச்சு...”

“தினமும் எத வச்சுத் திறந்தீங்க?”

கேட்டது நான் இல்லை. அம்மா.

“பதினாலு பிள்ளைங்க, நான் ஒருத்தி! இவ கார்ட எடுத்தா நிறுத்தவே மாட்டா...” பாவம்தான். அப்படியானால் பதினாலு நோட்டிலும் இதே வரியா?

“திருப்தியில்லன்னா வேற இடம் பாத்துக்குங்க,” என்றார் தலைமை ஆசிரியை.

“பாத்துக்கறோம்.” அம்மா எழுந்துவிட்டாள்.

வரும் வழியில் அம்மா பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வேறு இடம் கிடைக்கவில்லை. தங்கை வீட்டில்தான். அட்டைகளைப் பரப்பி வைத்தேன். தண்ணீர் குடிக்கக்கூட அட்டையை எடுக்காமல் என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

அந்த டீச்சரம்மாவைத் திட்டித் தீர்த்தாயிற்று. ஆனால் முடிச்சுப் போட்டது யார்? தங்கை விரல்களுக்கு அது அவிழாது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு மாதம் அவள் வாயைத் தைத்து அனுப்பியவள் நான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நூலைப் பிய்த்து எறிந்தேன். பைக்கு ஒரு கோட்டுப் பொத்தான், அதைவிடப் பெரிய காஜாத் துளை. கடையில் சட்டைகளுக்கு எத்தனையோ காஜா எடுத்திருக்கிறேன், இது ஒன்று தோன்றவில்லை. அவளே திறந்தாள். மூடினாள். திறந்தாள். அட்டை எதையும் எடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

புதிய பள்ளியில் நான்காம் நாள். இரண்டு பஸ் மாற வேண்டும், வகுப்பில் ஐந்தே பேர். பாவாடை காய்ந்திருந்தது. பையின் வாய் திறந்து கிடந்தது, அட்டைகள் தலைகீழாக.

நோட்டில்: “இன்று ஒரே கோபம். ‘வேண்டாம்’ அட்டையை நாற்பது தடவையாவது நீட்டியிருப்பாள். பாடமே நடக்கவில்லை. அட்டை கிழிந்துவிட்டது, புதிதாக வரைந்து அனுப்பவும்.”

இரண்டு வரைந்திருக்கிறேன்.