மதிலிலிருந்து குதித்தவள்

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. சாலை பஜார்க் கடைகளில் மூட்டை தூக்கிய கை பேனாவையும் மூட்டையைப் போலவே இறுக்கிப் பிடிக்கிறது. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்தெல்லாம் புடைத்து நிற்கும். ஒரு வரிக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது. ஆனாலும் எழுபத்தொரு வயதில் நானே எழுதுகிறேன், பார். புதன்கிழமைதோறும் வாசகசாலையில் ஒரு டீச்சர் சொல்லித்தருகிறார். 'ஞ' எழுத வந்த அன்று இரண்டு இட்டிலி கூடுதலாகத் தின்றேன்.

போன ஞாயிறு மத்தியானம் மகள் டிவியில் ஒரு பழைய படம் போட்டாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் நீயும் நானும் பார்த்த அதே படம்தான். நம் ஊரில் காசில்லாமல் எடுத்தது. போலீஸ் ஸ்டேஷனும் வக்கீல் ஆபீஸும் ஒரே அறை, திரைச்சீலை மட்டும் மாறும். வக்கீல் ஆபீஸில் டீ கொடுக்கிற ஒரு பெண், தையல் கிளாஸுக்குப் போவதாகத் தாயிடம் பொய் சொல்லிவிட்டு, தங்கையைக் கொன்ற மூன்று பேரைத் தேடிப் போய்ப் பழி வாங்குவாள்.

படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறின. கிடைத்த எழுத்தையெல்லாம் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். சமையல். லைட். அப்புறம் டூப். அதற்கு நேரே என் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, உன் பெயர்.

மகளைப் பார்த்தேன். "அப்பாகிட்ட சொல்லாண்டாம்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா" என்றாள். "நீங்களா வாசிச்சா, நான் சொன்னதாகாதுல்லா?"

அந்த வருஷம் பத்து நாள் கரமனையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாய். கடைசி நாள் இடது கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தாய். "குளிமுறியில வழுக்கிட்டுங்க" என்றாய். நான் தைலம் தேய்த்துக்கொண்டே கத்தினேன்.

"எந்த வீடுட்டி? சொல்லு, போய்க் கேக்கேன்."

"சாரமில்ல, விடுங்க. அவங்க நல்ல மனுஷங்களாக்கும்."

மறுநாள் கேளாமல் கரமனைக்குப் போய், அக்ரஹாரத்துத் தெருவில் முதலில் கண்ணில் பட்ட மாமியிடம் சண்டை பிடித்தேன். "எங்காத்துல வேலைக்கு ஆளே வெச்சுக்கல, ஓய்! யாருக்கு வழுக்கித்து?" என்று அவள் துடைப்பத்தோடு வந்தாள். தப்பு வீடு என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். நான் வந்து சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

சில மாதம் கழித்து நீயாகவே படத்துக்குக் கூப்பிட்டாய். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாய். படத்தில் அந்தப் பெண் மதிலிலிருந்து குதிக்கிற இடத்தில் என் கையைப் பிடித்தாய்.

"இப்படிக் குதிக்க ஒரு பொம்பளை வருவாளா? வீட்டுல கேக்க ஆளில்லாத ஜென்மம்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாய்.

படம் முடிந்ததும் எழுந்தேன். "இருங்க, பேரு வருது" என்றாய். "வாசிக்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்குட்டி பேரு? பஸ் போயிரும்." நான் வெளியே போய் நின்றேன். நீ கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வந்தாய்.

பஸ்ஸில் ஒரு தடவை கேட்டாய். "குதிச்சாளே, அவளுக்கு நொந்திருக்குமோ?"

"எல்லாம் பொய்ட்டி. கீழே மெத்தை போட்டிருப்பான்."

"ஆமா, போட்டிருப்பான்" என்றாய். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் என்னோடு இருந்தாய். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னேன். முகம் தெரிகிற இடத்திலெல்லாம் அந்த நடிகை. மதிலில் ஏறுகிற முதுகு உன்னுடையது. என்னோடு குடோனில் வேலை பார்த்த காலத்தில் மூட்டை அடுக்கின் மேல் ஏறும்போது செய்வாயே, அதே மாதிரி கால் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை ஊன்றினாய். விழுந்த இடத்தில் சரளைக்கல் கிடந்தது. நீ விழுந்து, உடனே எழுந்து ஓடினாய்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டீ ஆறிக் கிடந்தது, குடித்தேன். நாலு நாளாகியும் அப்படியேதான். தலைக்குக் கீழே வைத்துத் தூங்கின கை மாதிரி, இருக்கிறதென்று தெரிகிறது, கிள்ளினால் தெரியவில்லை. கிளாஸில் டீச்சர் வாசிக்கச் சொன்னபோது மட்டும் சத்தமாக, சந்தோஷமாக வாசித்தேன். அது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

கேட்க ஆளில்லாதவள் என்று நான் சொன்னவள் என் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தாள். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். எத்தனையோ மூட்டை இறக்கியிருக்கிறேன். இதை எந்தத் தோளிலிருந்து இறக்குவதென்று தெரியவில்லை.

அந்த மதில் கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு பழைய எண்ணெய் மில்லில் இன்னும் நிற்கிறது என்று மகள் சொல்கிறாள். திங்கட்கிழமை போகிறேன். எத்தனை முழம் உயரம் என்று கையால் அளந்து, புதன்கிழமை கிளாஸ் முடிந்ததும் உனக்கு எழுதுகிறேன்.