சீமாட்டியா, தீக்குச்சியா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

வாரா வாரம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எனக்குக் காது மந்தம் என்று இந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் பெரிய அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதில் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதற்கு மேல் என்ன பேசுவது? உண்மையில் இடது காது மட்டும்தான் போயிற்று. வலது காது பழையபடிதான் இருக்கிறது. என் காலுக்குப் பயிற்சி தர வரும் அம்மாள் இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரிய அண்ணன் வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை நேரத்துக்கு வருகிறது. துணி வெளுத்து மடித்து வருகிறது. அண்ணி கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறாள். பிறகு அந்தக் கதவு அடுத்த வேளை சாப்பாட்டுக்குத்தான் திறக்கும். குறையே இல்லாத இடத்தில் யாரிடம் போய் என்ன கேட்பது?

இடுப்பு எலும்பு கூடும்வரை இங்கே, பிறகு பழையபடி சின்ன அண்ணன் வீட்டுக்கு என்றுதான் பேச்சு. எலும்பு கூடி ஆறு மாதம் ஆயிற்று. அவனுக்கு இரண்டே அறை, அதுவும் லிப்ட் இல்லாத நாலாவது மாடி. அவன் பஸ் ஓட்டப் போய்விட்டால் சின்ன அண்ணி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புவாள். நான் விழுந்த அன்று அவர்கள் இரண்டு பேரும்தான் என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். அவளுக்கு அன்று பிடித்த முதுகுவலி இன்னும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவன் இங்கே வருவான். உன் அண்ணன்களுக்குள் மிச்சம் இருந்த ஒரே பேச்சு குதிரைதான். உன் அம்மா சத்தியம் வாங்கியதிலிருந்து இருவரும் பணம் வைப்பதில்லை. ஆனால் வாய்ப்பந்தயத்துக்குக் குறைவில்லை. இந்த வருஷம் முழுக்க ஒரே வழக்கு: சீமாட்டியா, தீக்குச்சியா? சீமாட்டி சாம்பல் நிறப் பெண்குதிரை. தீக்குச்சி செம்பழுப்பு ஆண்குதிரை. ஒன்பது முறை ஓடி எட்டு முறை ஜெயித்தது, ஆயிரத்து இருநூறு மீட்டரில் சாதனை நேரம் வைத்திருக்கிறது. நேரம்தான் கணக்கு, மற்றதெல்லாம் கதை என்பான் ஒருவன். யாரைத் தோற்கடித்தது, முதுகில் எவ்வளவு பாரம் சுமந்தது என்று பார்க்காமல் வெறும் நேரத்தை வைத்து என்ன செய்வது என்பான் மற்றவன். அடுத்த வாரம் இருவரும் கட்சி மாறியிருப்பார்கள். நான் உள்ளே படுத்தபடி சிரித்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அந்தப் பேச்சு நடுவில் நின்றது. இருவரும் சமையலறைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்கள். என் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எலும்பு கூடிவிட்டதே என்று பெரியவன் ஆரம்பித்தான். சின்னவன் மாடிப்படியைச் சொன்னான், பெண்டாட்டியின் முதுகைச் சொன்னான். என் வீட்டில் மட்டும் கஷ்டம் இல்லையா என்று பெரியவன் கேட்டான். சின்னவன் குழாயைத் திறந்து தம்ளரைக் கழுவினான். பிறகு பெரியவன் சொன்னான்:

"சரி, வர்ற சனிக்கிழமை ரெண்டு குதிரையும் ஒண்ணா ஓடுது, அதுலயே பந்தயம் வெச்சுக்கலாம். தோக்கறவன் அப்பாவை வெச்சுக்கணும். அப்புறம் மாத்திப் பேசக் கூடாது. நீ சின்னவன், நீயே முதல்ல குதிரையை எடுத்துக்கோ."

இருவரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னது என்று யாராவது ஒருவன் முடித்துவைப்பான் என்று காத்திருந்தேன். யாரும் முடிக்கவில்லை. புதன்கிழமைக்குள் சொல்கிறேன் என்றான் சின்னவன்.

எனக்குக் கோபம் வரவில்லை, பாப்பா. முதலில் மனதில் ஓடியது, அன்றைக்குத் தரை ஈரமாக இருக்குமா, இறுகி இருக்குமா என்பதுதான். முப்பத்தோரு வருஷம் விடியற்காலைப் பயிற்சியில் ஓடுகிற குதிரைக்கெல்லாம் கடிகாரம் பிடித்தவன் புத்தி வேறு எங்கே போகும்? அதன் பிறகுதான் அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை சின்னவன் வேலை உடுப்போடே வந்தான். தரையில் உட்கார்ந்து என் கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினான். அவன் வீட்டில் இருந்தபோதும் அவன்தான் வெட்டுவான். வெட்டி முடித்துக் காலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்:

"அப்பா, சும்மாதான் கேக்கறேன். ஆயிரத்து இருநூறுல ரெண்டுல எது ஒசத்தி?"

என்னை யார் வைத்துக்கொள்வது என்று என்னிடமே கேட்கிறான். பந்தயம் எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. தீக்குச்சி என்று ஒரு சொல் சொன்னால் போதும், நம்பிவிடுவான். தோற்றதும் நான் அந்த இரண்டு அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அங்கே சாயங்காலம் சின்ன அண்ணி என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முதுகை நீட்டிப் படுத்துக்கொண்டு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். எனக்கு அந்த வீடு வேண்டும், பாப்பா. அந்த முதுகைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சீமாட்டி என்றேன். நிச்சயமா என்று கேட்டான். குறுந்தூர ஓட்டத்தில் எந்தக் குதிரையும் கடைசி இருநூறு மீட்டரில் வேகம் இழக்கத்தான் செய்யும், குறைவாக இழப்பதுதான் உயர்ந்த குதிரை என்றேன். தீக்குச்சியின் சாதனை காய்ந்து இறுகிய தரையில், நெருக்க ஆள் இல்லாமல் ஓடியது. சீமாட்டி தோற்ற இரண்டு முறையும் அதிக பாரத்தோடு, முடிவில் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்தது. இதையெல்லாம் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு போனான்.

மறுநாள், சின்னவன் சீமாட்டியை எடுத்துக்கொண்ட பிறகு, பெரியவன் வந்து, தீக்குச்சிக்கு வாய்ப்பே கிடையாதா என்று கேட்டான். மழை இல்லாமல் தரை இறுகினால் உண்டு என்றேன். அதன்பின் மூன்று நாளும் ஜன்னலையே பார்த்துக் கிடந்தேன். நல்ல வெயில். என் கணக்கு பொய்த்துப்போக வேண்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். குதிரைக் கூண்டுக் கதவு திறந்ததும் தீக்குச்சி பற்றிக்கொண்டு போனது. முடிவுக்கு நானூறு மீட்டர் இருக்கையில் மூன்று குதிரை நீளம் முன்னால். என் கட்டைவிரல் தானாகவே கடிகாரப் பொத்தானைத் தேடியது. விடாதே, விடாதே என்று மனதுக்குள் தீக்குச்சியை விரட்டினேன். சாம்பல் குதிரை வெளிப்பக்கமாக வந்தது. அவசரமே இல்லாமல், ஓடத் தொடங்கிய அதே வேகத்தில் வந்தது. தலையளவு வித்தியாசத்தில் ஜெயித்தது.

சின்னவன் குதித்து எழுந்தான். அடுத்த கணம் என்னைப் பார்த்தான். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பெரியவன் டிவியை அணைத்துவிட்டு, "அப்பா கண்ணு தப்பாது" என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமையே பெரியவன் ஆள் வைத்துக் குளியலறைச் சுவரில் கம்பி பதித்தான். நல்ல உறுதியான கம்பி. அலமாரியில் மேல் இரண்டு தட்டை எனக்கென்று ஒழித்துக் கொடுத்தார்கள். சின்னவன் வீட்டில் இருந்த என் பெட்டியும் வந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து ஞாயிறு ஆயிற்று, அவன் வரவில்லை. பெரியவன் டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒண்டியாக ரேஸ் பார்க்கிறான். அவனையும் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

நீ ஊருக்கு வா என்று இதை எழுதவில்லை. உன் நிலைமை எனக்குத் தெரியும். சின்ன அண்ணனுக்கு ஒரு போன் செய், அவ்வளவுதான். சிறுவயதிலிருந்தே அவன் உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, நடந்ததைச் சொல்லிவிடுவான். சொன்னால் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள். நீ செய்ததில் தப்பில்லை, உன் பெண்டாட்டியின் முதுகையும் நீதானே பார்க்க வேண்டும் என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லலாம் என்றால், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் இந்தப் படியை ஒருநாளும் மிதிக்க மாட்டான். அதனால் நீ சொல்லம்மா.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

எப்போதும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
அப்பா