தூதுவனின் வசனம்

ஹாலிஎல
04.05.2025

அன்புள்ள கலாவுக்கு,

நான் நலம். உன் நலத்தையும் உன்னோடு தங்கியிருக்கும் ஸுபைரா டீச்சரின் நலத்தையும் அறிய ஆவல். அப்புத்தளைக்கு மாற்றலாகிப் போகும்போது, "ஏதும் இருந்தா எழுதுங்க, போன்ல ஒங்க கொரல் வேணாம்" என்று சொன்னாய். இரண்டு வருடமாக எழுதத் துணிவு வரவில்லை. இப்போது ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது. பாட விஷயம். நீயும் ஆங்கில டீச்சர், மறுக்கமாட்டாய்.

உயர்தர வகுப்புக்குப் பழைய ஆங்கில, கிரேக்க நாடகங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் தொல்படிமங்களை எடுத்தேன். எந்த நாட்டுக் கதையானாலும் திரும்பத் திரும்ப வருகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அரசன் யார் என்றால் தோட்டத்துப் பெரியதொரை என்கிறார்கள். வரப்போவதை முன்கூட்டிச் சொல்கிறவர் கோடாங்கியாம். ஊர் ஒதுக்கிவைத்தவனுக்கு மட்டும் நாலு பெயர் சொன்னார்கள். நான் கரும்பலகையில் எழுதவில்லை, எழுதினால் மறுநாள் லயத்து வீடுகளில் சண்டை.

தூதுவனிடம் வந்துதான் மாட்டிக்கொண்டேன். பழைய கிரேக்க நாடகத்தில் சாவைப் பெரும்பாலும் மேடையில் காட்டமாட்டார்கள், அது மறைவில் நடக்கும், தூதுவன் ஓடிவந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வான் என்றேன். வகுப்பே சிரித்தது. நமுனுகுலப் பக்கத்துப் பிள்ளை சஜீவனி எழுந்து, "அப்பிடிப் பொட்டுன்னு யாரு சேர் சொல்லுவாங்க? எங்க தாத்தா செத்தப்பகூட 'சீரியஸ், ஒடனே வாங்க'ன்னுதான் போன் வந்துச்சு. எங்கம்மா வெள்ளச் சீலய பேக்ல வச்சிக்கிட்டுத்தான் பஸ் ஏறுனிச்சு" என்றாள்.

அதற்குமேல் பாடம் ஓடவில்லை. மணி அடிக்கும்வரை ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

மாகாண ஆங்கில தினப் போட்டிக்குப் பிள்ளைகளே பழைய முறையில் ஒரு குறுநாடகம் எழுதுகிறார்கள். மகன் இறந்த செய்தியை அரசியிடம் தூதுவன் வந்து சொல்கிற கட்டம். தூதுவன் சஜீவனிதான். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? என்னைவிட நீ நன்றாகச் செய்வாய்.

கன்டீன் சோற்றில் நேற்றும் உப்புக் கூட. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். "உப்பு இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு" என்று சொல்லத்தான் நீ இல்லை.

அங்கே பனி அதிகம். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்
சுரேஸ்


அப்புத்தளை
11.05.2025

திரு. சுரேஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். ஸுபைராவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பாட விஷயம் கேட்டதால் அதற்கு மட்டும் பதில். தூதுவன் நல்லவனுமில்லை, கெட்டவனுமில்லை. அவனுக்கு ஒரே வேலை. கேட்கிறவளைப் பார்த்துப் பாவப்பட்டு அவன் பாதியில் நிறுத்தினால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். அரசி வாசலிலேயே நிற்பாள். உள்ளே போகவும் முடியாது, உட்கார்ந்து அழவும் முடியாது. இதைச் சஜீவனிக்குச் சொல்லிக் கொடுங்கள். முதலில் உங்களுக்கு விளங்கினால்.

நானும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நேராகவே சொல்கிறேன். மாலைதீவில் ஒரு பாடசாலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை ஐந்தாம் தேதி பயணம், இரண்டு வருட ஒப்பந்தம். நம் ஒரே பிள்ளை போய் மூன்று வருடமாகிறது. இந்தத் தேயிலையைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிட்டது. மலையே இல்லாத ஓர் இடத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன்.

ரஜீவின் மேசையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

உப்பு விஷயத்தில் உங்கள் நாக்குப் பொய் சொல்லாது என்று கல்யாணமான நாள் முதல் நம்பியிருந்தேன்.

கலாராணி


ஹாலிஎல
25.05.2025

அன்புள்ள கலாவுக்கு,

மேசை அப்படியே இருக்கிறது. அவன் பென்சிலால் கிறுக்கிய கிரிக்கெட் ஸ்கோர்கூட அழியவில்லை. துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.

ஒத்திகை நடக்கிறது. சஜீவனி ஓடிவருகிறாள், மூச்சு வாங்குகிறாள், எல்லாம் பிரமாதம். அரசியின் முன்னால் வந்து நின்றதும் ஆங்கிலத்தில், "அம்மா, இளவரசர் சீரியஸாக இருக்கிறார்" என்கிறாள். எழுதியிருப்பது அதுவல்ல. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பார்க்க வந்த கணபதி அதிபரும் சிரித்துவிட்டார். நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் கோபப்படவில்லை. "வாய் வர மாட்டேங்குது சேர். நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள்.

அரசி வேடம் போட்ட பிள்ளையின் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். பிறகு, இன்றைக்கு இது போதும் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீ நாடகத்தைப் பற்றி எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ரஜீவ் இறந்தது தெரிந்தும், "குளவி கொட்டிருச்சு, கொஞ்சம் சீரியஸ்" என்றுதான் உன்னிடம் சொன்னேன். நீ அவனுக்கு சூப் வைத்ததை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கோபம் நியாயம். வந்து என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. மாலைதீவுக்கு மட்டும் போகாதே, கலா. இந்த வீட்டில் நான் பேசுவது எனக்கே கேட்டு அலுத்துவிட்டது.

உன்
சுரேஸ்


அப்புத்தளை
30.05.2025

சுரேஸுக்கு,

சூப்பைப் பற்றி நீங்களாகவே எழுதிவிட்டீர்கள். அதுவே பெரிய காரியம்.

ஆனால் இன்றுவரைக்கும் "நம்ம புள்ள செத்துப் போயிட்டான்" என்று என் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லவில்லை. வார்டு வாசலில் உங்கள் நண்பர் புஹாரி சேர் அழுதுகொண்டு நின்றார். அவர் முகம்தான் எனக்குச் சொன்னது. மற்றதெல்லாம் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து பொறுக்கி எடுத்தது. ஒருவர் அவன் பேசினான் என்றார், இன்னொருவர் பேசவேயில்லை என்றார். பெற்றவள் நான். என் பிள்ளையின் கடைசி ஒரு மணித்தியாலம் எனக்குத் தெரியாது. ஒரு வருடம் அதே வீட்டில் உங்கள் முன்னால் காத்திருந்தேன். நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அதனால்தான் நானும் எழுந்து வந்தேன்.

தூதுவனின் வசனத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்கு, யார் தூக்கினார்கள், என்ன சொன்னான், எல்லாம். என்மேல் பாவம் பார்க்க வேண்டாம். அது வராவிட்டால், போவதற்கு முன்னாலும் உங்களைப் பார்க்கமாட்டேன், திரும்பி வந்த பிறகும் பார்க்கமாட்டேன்.

கலா


ஹாலிஎல
05.06.2025

அன்புள்ள கலா,

நம் மகன் ரஜீவ் இறந்துவிட்டான்.

இந்த ஒரு வரிக்கு நாலு தாள் கிழித்தேன். இனி நிறுத்தமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்குப் போன நான் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். போன் எடுத்துச் சொன்னேன், நீ அவனிடம் கொடுத்து அனுப்பினாய். ரோட்டால் வந்தால் நேரமாகும் என்று அவன் ஏழாம் நம்பர் மலையில் குறுக்காக ஏறியிருக்கிறான். ஒன்பதரை மணி இருக்கும். பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்திலிருந்த குளவிக் கூடு கலைந்தது. காற்று என்கிறார்கள், பருந்து என்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஓடியவன் தண்ணிக் கான் பள்ளத்தில் கால் தடுக்கி விழுந்தான். பாக்கியலெட்சுமி அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவன்மேல் போர்த்தி, அதன்மேல் தானும் படுத்துக்கொண்டார். அவரையும் கொட்டியது. அவர் பிழைத்தார்.

நான் ஓடிப்போனபோது அவன் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. என் கண்ணாடி அவன் சட்டைப் பையில் முழுசாக இருந்தது. நானும் புஹாரி சேரும் தூக்கி லத்தீப் நானாவின் ஆட்டோவில் ஏற்றினோம். தலை என் மடியில். மூச்சு இழுத்தது. ஹாலிஎலயில் நம் வீட்டுத் திருப்பம் வந்ததும், கண் தெரியாமலே அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அப்பா, அம்மாட்ட சொல்லாதீங்க. அம்மா பயந்துரும்" என்றான். "சரிப்பா" என்றேன். நாங்கள் நிற்கவில்லை. நின்றிருந்தால் நீ அவனை உயிரோடு பார்த்திருப்பாய். இதை மூன்று வருடமாக நினைக்காத நாளில்லை. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு என் மடியில் மூச்சு நின்றது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

புஹாரி சேரை அவனோடு விட்டுவிட்டு உன்னைக் கூட்டிப்போக வந்தேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன்னைக் கண்டதும் அவன் கேட்டதுதான் ஞாபகம் வந்தது. அவன் சாக்கில் நான் தப்பித்துக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள். இரண்டும் உண்மை. நீ சூப் வைத்தாய். கரண்டியை நீட்டி, உப்புப் பார்க்கச் சொன்னாய். குடித்தேன், சரியாக இருக்கிறது என்றேன். உண்மையில் ருசியே தெரியவில்லை. பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நீ உட்கார்ந்து வந்தாய். லத்தீப் நானா ரேடியோவை நிறுத்திவிட்டார்.

அவ்வளவுதான், கலா. வேறொன்றையும் மறைக்கவில்லை. நாளைக்குச் சஜீவனிக்குச் சொல்லிக் காட்டுவேன்.

சுரேஸ்


அப்புத்தளை
15.06.2025

என்னங்க,

கடிதத்தை ஸுபைராவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. வாசித்து முடிக்க அவள்தான் சிரமப்பட்டாள். நான் சத்தம் போட்டு அழுதேன், பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்க்குமளவுக்கு. பிறகு அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

"அம்மா பயந்துரும்" என்றானா? பல்லி விழுந்தாலே நாற்காலியில் ஏறுகிறவன், என் தைரியத்தை அளந்து பார்த்திருக்கிறான். வீட்டுத் திருப்பத்தில் நீங்கள் நிற்காமல் போனதற்காக உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யார் நிறுத்துவார்கள்? கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியது நான்தான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் நான் மறைத்திருக்கிறேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று "கொஞ்சம் சீரியஸ்" என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் விளங்காதா? ஆனாலும் தப்பாக இருக்கட்டும் என்று அடுப்பை மூட்டினேன். சூப் கொதித்தது. அதில் நான் உப்பே போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை. பிள்ளை உயிரோடு இருந்தால் இந்த மனிதர் முகத்தைச் சுளித்து, "என்னா இது, உப்பில்லாம?" என்று கத்துவார் என்று கரண்டியை நீட்டினேன். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் குடித்துவிட்டு, "சரியா இருக்கு" என்றீர்கள். நான் சூப்பைப் பிளாஸ்க்கில் ஊற்றி மூடினேன்.

பதுளைவரைக்கும் நீங்கள் எனக்காக அழாமல் வந்தீர்கள், நான் உங்களுக்காக அழாமல் வந்தேன். மூன்று வருடமாக நான் கோபப்பட்டது அதற்குத்தான். ஒரே ஆட்டோவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தோம். சேர்ந்து அழுதிருக்கலாம்.

பன்னிரண்டாம் தேதி போட்டிக்கு வந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் திரை ஓரத்தில் வாயசைத்துக்கொண்டு நின்றதால் என்னைப் பார்க்கவில்லை. "உங்கள் மகன் இறந்துவிட்டார்" என்று சஜீவனி நேராகச் சொன்னாள். சொல்லிவிட்டு அரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மீதியைப் பிடித்தபடியே சொன்னாள். நான் படித்த பழைய நாடகம் எதிலும் தூதுவன் அப்படிச் செய்ததில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததா, அவளாகச் செய்தாளா தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் வந்து உங்களைப் பார்க்க நினைத்தேன். ஆனால் பஸ் ஏறிவிட்டேன்.

மாலைதீவுப் பயணத்தில் மாற்றமில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, போகவும் விருப்பம். திரும்பி வந்து பழையபடி இருப்போமா என்று கேட்காதீர்கள். இருப்போம் என்று இப்போது நான் சொன்னால் அதுவும் "சீரியஸ்" மாதிரியான பேச்சுத்தான்.

இருபத்தோராம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனில் நிற்பேன். அவனைப் பற்றிப் பேசலாம், அழ வந்தால் அழலாம். அந்தப் பிளாஸ்க்கை எறிந்திருக்கமாட்டீர்கள், கழுவி எடுத்து வாருங்கள். சூப் வைக்கிறேன். கரண்டியை நீட்டுவேன். உப்பு இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்.

கலா