அந்த துஆ யாருக்கு?

இல்மாட வாப்பா,

பகலுக்குச் சோறும் பருப்பும் மட்டும்தான். நான் கண்டிக்கு இன்டர்வியூவுக்குப் போகிறேன். "வீட்டுக்குள்ள மட்டும்தான் ஒனக்கு வாய், அங்க போனா நாக்கு ஒட்டிக்கும்" என்று நேற்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

இன்றைக்கு விடியக்காலை சுபஹு தொழுதுவிட்டு எழும்பாமல், நாக்கின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி மூஸா நபி அல்லாஹ்விடம் கேட்ட துஆவையே திரும்பத் திரும்ப ஓதினீர்கள். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு அது எதற்கு? என்னைத் தடுக்கச் சொல்லி என் வாப்பாவிடம் பேசத்தானே?

பர்ஹானா

பி.கு. செருப்பு மாட்டும்போது இல்மா சொல்கிறாள், "உம்மாட பேரச் சொல்லித்தான் வாப்பா ஓதினாங்க." அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தானோ?

சரி, குசினி அலுமாரிக்குள் ஒளித்துவைத்த பொரித்த மீனையும் எடுத்துச் சாப்பிடுங்கள்.