கழுத்தில் கை வைக்கக் கூடாது

ஆம்பூர்
14-11-1962, புதன்

அன்புள்ள சம்பத் அண்ணனுக்கு, தங்கை அம்சவேணி எழுதுவது. கான்பூர் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று போன மூன்று கடிதங்களில் வந்ததே, அது அப்பா சொல்ல நான் எழுதியது. அவர் விரலில் இப்போது பேனா நிற்பதில்லை. உனக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இந்தக் கோளாறு ஆடி மாதமே தொடங்கிவிட்டது. சட்டைப் பித்தான் போட அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு ஒருநாள், ஒரு கால் செருப்பு வழியில் கழன்றது தெரியாமலே வீடு வரை வந்துவிட்டார். தோல் கம்பெனியில் அவர் தள்ளாடுவதைப் பார்த்து மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "இன்னா நந்தகோபாலு, காலையிலயே ஊத்திக்கினியா" என்று கேட்டாராம். கூட வேலை செய்யும் வாஹித் பாஷா மாமாதான், "அவன் டீயே ஜாஸ்தி குடிக்க மாட்டான், நீ வேற பேஜார் பண்ணாத" என்று சண்டைக்குப் போனாராம். மறுநாள் அவரே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், நானும் போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்பு தேய்ந்து உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெரிக்கிறது, கைகால் மரத்துப்போவது அதனால்தான் என்றார். ஆபரேஷன் செய்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம், தள்ளிப்போட்டால் நடை போய்விடும், அதுவரை கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். வெளியே வந்ததும் அப்பா, "அம்மாகிட்ட வெறும் சுளுக்குன்னு சொல்லு, இல்லன்னா அவ சொல்லி அண்ணன் வேலைய விட்டுட்டு வந்துடுவான்" என்றார். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். அதுவே வினையாகிவிட்டது அண்ணா. சுளுக்கு எடுக்கிறவரை அம்மா காவேரிப்பாக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறாள். தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்புவாராம். குனிந்து சாப்பிடும்போதே முதுகில் கரண்ட் அடித்த மாதிரி துடிக்கிற அப்பா, பொய் வெளிப்படக் கூடாதென்று அதற்கும் சரி என்கிறார்.

நீ தந்தி கொடுத்துத் தடுப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் உன்னிடம் வர நாலைந்து நாள் ஆகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஞாயிறு முந்திவிடும். அதனால் காலையில் அம்மாவிடம் நானே எல்லாம் சொல்லப் போகிறேன். அடிப்பாள், அப்பாவும் என்னோடு பேசமாட்டார். இருக்கட்டும். நீ சொன்னால்தான் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார், உடனே புறப்பட்டு வா. ரயிலில் ஜன்னல் ஓரம் தூங்காதே. அப்பா அம்மா ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

அம்மா எழுந்துவிட்டாள். "இந்நேரத்துல இன்னாடி எழுதுற" என்கிறாள். காலை வரை வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை அம்சவேணி