ஏரிக்கரையில் நிறுத்திய வண்டி

என் அன்பு பாஸ்கர் அண்ணாத்தே,

நம்ம ஆம்புலன்ஸை இன்று நடுவழியில் நிறுத்தச் சொன்னேன். உள்ளே நோயாளி இருக்கும்போதே. நீ ஓட்டியிருந்தால் என்னைக் கீழே இறக்கிவிட்டுப் போயிருப்பாய்.

திருநின்றவூருக்கு அப்பால் ஒரு கிராமம். தையல் கடை காதர் பாய்க்கு வியர்த்துக் கொட்டியது. "ஒன்னும் இல்லம்மா, கேஸ் புட்ச்சிக்கினு கீது. சோடா குட்ச்சா சரியாப்பூடும்" என்றார். போன வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதும் இதேதான். ஈசிஜி கருவி உன் முதுகுக்குப் பின்னால் சும்மா கிடக்க, சிரித்துக்கொண்டே நான்தானே சோடா வாங்கிக் கொடுத்தேன்? டியூட்டி முடிவதற்குள் நெஞ்சடைத்து நீ போய்விட்டாய்.

பாயின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினேன். உனக்குத் தெரிந்த வசதிதான். ஈசிஜியில் ஓடும் இதயத் துடிப்புக் கோடுகளைப் போனில் அனுப்பினால் தூரத்தில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆனால் வண்டி ஆடினால் கோடும் ஆடும். சிக்னலும் ஏரிக்கரையை விட்டால் பட்டாபிராம் வரைக்கும் சரியாகக் கிடைக்காது. "நிறுத்து மணி" என்றேன் புது டிரைவரிடம்.

பாயின் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உசுரு ஊசலாடிக்கினு கீது, இங்க இன்னாத்துக்கும்மா நிறுத்துறே? வண்டிய எடுக்கச் சொல்லு."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் கேஸ்தானோ? இந்த இரண்டு நிமிஷமே அவர் உயிரைக் குடித்துவிட்டால்?

டாக்டர் முகம் வந்தது. "மாரடைப்புதான் சிஸ்டர். வண்டில இருக்கிற ஆஸ்பிரின் மாத்திரைய மென்னு முழுங்கச் சொல்லுங்க. பக்கத்து ஆஸ்பத்திரி வேணாம், அங்க அடைப்பு எடுக்க வசதி இல்ல. நேரா நான் சொல்ற இடத்துக்குப் போங்க, ரெடியா இருப்பாங்க."

மணி பறந்தான். ஆவடியில் நெரிசல். இறக்கும்வரை பாய் என் விரலை விடவில்லை.

சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார். அடைப்பை எடுத்துவிட்டார்களாம். கண் திறந்ததும் பாய் சோடா கேட்டாராம். சிரித்தேன், பிறகு அழுதேன். உனக்கும் அன்று வண்டியை நிறுத்தியிருக்கலாமே, அண்ணா? நீ திட்டியிருப்பாய். இன்றுவரை திட்டிக்கொண்டே இருந்திருப்பாய்.

இனி யார் கேஸ் என்று சொன்னாலும், நம்ம வண்டி டிரைவரே ஆனாலும், ஒயரை ஒட்டாமல் விடமாட்டேன். ஏப்பம் விட்டதற்கே சட்டையைக் கழற்றச் சொன்னேன் என்று மணி முறைக்கிறான். முறைக்கட்டும்.

உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்த தங்கை,
ஸ்டெல்லா